சிவப்புத் தரையில் எட்டு இலை

முதலில் பெயிண்டா, முதலில் தரையா என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் விடமாட்டேன் என்கிறார்கள். போன வாரம் ஒருத்தன் வந்தான். முன்பு என்னிடம் வேலை பார்த்தவன், இப்போது தென்காசியில் சொந்தமாக காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறான். ஏதோ ஒரு வீட்டில் ஒரே ஒரு அறையைப் புதுசாக்குகிறானாம். டைல்ஸ்காரன் நான்தான் முதலில் என்கிறானாம், பெயிண்டர் நான்தான் முதலில் என்கிறானாம். இரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டு பீடி குடித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

"அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்டுக்கிடுவானுவ" என்றான்.

"அவனுவ கேக்க மாட்டானுவ. நீ கேட்டுக்கோ. மேல இருந்து கீழ வா. தரை முடிஞ்சு, அது காய்ஞ்சு, நீ தொட்டுப் பாத்தப்புறம் ஒரே ஒரு தடவை மேல போ. நடுவுல அவசரப்பட்டு எவனையும் உள்ள விடாத. விட்டா, நான்தான் விட்டேன்னு சொல்லு" என்றேன்.

கடைசி வாக்கியம் அவனுக்கு விளங்கவில்லை. "இதுக்குப் போய் ஏன் இவ்வளவு கோவப்படுதிய?" என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோபம் அவன்மேல் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் குற்றாலத்தில் ஒரு அறையைப் புதுசாக்கினோம். அந்த ஒரு அறையைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. கை ஓடும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஒரு வருஷம் தென்காசியில் சும்மா சுற்றினேன். பிறகு ஞானதாஸ் மேஸ்திரியிடம் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்தேன். மேஸ்திரி என்று கூப்பிட்டாலும் அவர் கொத்தனார் இல்லை. கொத்தனாராக இருந்து, ஆள் சேர்த்து, காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிற அளவுக்கு வந்தவர். குற்றாலத்துச் சீசன் பங்களாக்களில் பாதி அவர் கையில் இருந்தன. பங்குனியில் இருந்து வைகாசி வரைக்கும் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆனியில் சாரல் விழுந்து வெளியூர்க்காரர்கள் வந்து இறங்குவதற்குள் எல்லா அறையும் காய்ந்து தயாராக இருக்க வேண்டும். சாரல் விழுந்த பிறகு அடித்த சுண்ணாம்பு சுவரில் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும். எந்தக் கொம்பன் அடித்தாலும் அப்படித்தான்.

மேஸ்திரி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. முடிந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார். புறங்கையைச் சுவரில் வைத்து ஈரம் பார்ப்பார். பிறகு சட்டைப் பையில் இருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தரையில் விடுவார். அது தானாக உருண்டு தண்ணீர் போகும் மூலைக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் நின்றால் வாட்டம் சரியில்லை என்று அர்த்தம். எதையும் ஒரு தடவைதான் கேட்பார். பதில் வந்தால் வந்ததுதான், மறுபடி கேட்கமாட்டார். மறுபடி கேட்காததுதான் எங்களுக்குப் பயம்.

அவருடைய வரிசை இது. முதலில் தலைக்கு மேலே மச்சில் இருந்து பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். அப்புறம் சுவரில் வெடிப்பு, பொரிவு எல்லாம் பூச வேண்டும். மச்சுக்கும் சுவருக்கும் வெள்ளை இரண்டு தடவை, தரைக்கு ஒரு சாண் மேலே வரைக்கும். கதவு சன்னலுக்கு ஒரு கை பெயிண்ட். அதற்குப் பிறகுதான் தரைக்காரன் உள்ளே வருவான். பழைய தரையை உடைத்து, கல் பரப்பி இடித்து, சிமெண்ட் போட்டு, அது இறுகுவதற்குள் மேலே ரெட் ஆக்சைடு பொடி கலந்த சிவப்புச் சிமெண்டைத் தேய்ப்பான். சுவரோரத்து அரைமுழப் பட்டையையும் அதே கலவையில் அன்றைக்கே இழுத்துவிட வேண்டும். மறுநாள் போட்டால் நிறம் சேராது. அப்புறம் வாசலில் களிமண்ணால் சின்ன வரப்பு கட்டி, அறை முழுக்கத் தண்ணீர் நிறுத்திப் பத்து நாள் விடவேண்டும். பதினோராம் நாள் தண்ணீரை வடித்து, உலர்ந்த சாக்கு விரித்து, பெயிண்டர் திரும்ப வந்து சுவருக்குக் கடைசிக் கை அடிப்பான்.

ஏன் இத்தனை சுற்று என்று கேட்டால், சிவப்புத் தரைமேல் சுண்ணாம்புத் துளி விழுந்தால் அந்த இடம் வெளுத்துவிடும். துடைத்தால் போன மாதிரி இருக்கும், காய்ந்தால் திரும்ப வரும். அதனால் தரைக்கு முன்னால் வெள்ளை. ஆனால் தரை தேய்க்கும்போது சிவப்புத் தண்ணீர் சுவரில் தெறிக்கும். அதனால் தரைக்குப் பின்னாலும் வெள்ளை. இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! எங்கள் தரைக்காரர் செல்லையா, 'சுண்ணாம்புக்காரன் என் தரையக் கெடுக்கான்' என்பார். பெயிண்டர் முப்பிடாதி, 'செல்லையா அண்ணன் தரை போடுதாரா, மஞ்சத் தண்ணி விளையாடுதாரா?' என்பான். இரண்டு பேரையும் ஒரே நாளில் ஒரே அறையில் விட்டால் வேலை நடக்காது, வாய்தான் நடக்கும்.

அதற்குத்தான் சாவி. அதைச் சொல்லாமல் மேற்கொண்டு சொன்னால் விளங்காது. குற்றாலத்தில் குரங்குத் தொல்லை தெரியுமல்லவா. ஐந்தருவி ரோட்டில் ஒரு பங்களாவில் செல்லையா தரை தேய்த்துவிட்டு வெளியே வந்தார், சன்னலை யாரோ திறந்து வைத்துவிட்டார்கள். ஒரு குரங்குக் குடும்பம் மொத்தமும் ஈரத் தரையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் உலாவிவிட்டுப் போய்விட்டது. சன்னல் யாருடைய பொறுப்பு என்று கேட்டால், நான் இல்லை நான் இல்லை என்று ஏழு பேர். மேஸ்திரி பேசாமல் மறுநாள் தரையை உடைத்துத் திரும்பப் போட்டார். அன்றைக்கு இருந்து வேலை நடக்கிற ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி. வேலை யாருடையதோ சாவி அவன் கையில். தரைக்காரன் முடித்ததும் என்னிடம் கொடுப்பான். தண்ணீர் நிற்கிற பத்து நாளும் அது என் மடியில் இருக்கும். மேஸ்திரி வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே பெயிண்டர் கைக்குப் போகும். அறையில் என்ன கெட்டாலும் மேஸ்திரி கேட்பது ஒரே கேள்விதான்: 'சாவி யாருகிட்ட இருந்துச்சு?'

முப்பிடாதி என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவன். மேலகரத்தில் வீடு. வெள்ளையடித்துவிட்டு இறங்கினால் அவன் தலையில் ஒரு துளி இருக்காது. சுவரோடு பேசிக்கொண்டே அடிப்பான். 'குடிச்சுக்கோ, குடிச்சுக்கோ, அவசரமில்ல' என்பான். கடைசிக் கை அடிக்க மேஸ்திரி அவனைத் தவிர வேறு யாரையும் விடமாட்டார். அவனுக்கும் குற்றாலத்துப் பங்களாக்கள் என்றால் உயிர். எந்தச் சுவர் எந்தப் பக்கம் ஈரம் இழுக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவான். வருஷத்தில் அந்த மூன்று மாதம்தான் அவனுக்கு வருஷமே.

அந்த வருஷம் தென்காசி வக்கீல் ஒருவருடைய குற்றாலத்து வீட்டில் கீழ் அறையைப் புதுசாக்கச் சொன்னார்கள். வக்கீலுடைய மகள் கோமதிக்குத் தலைப்பிரசவம். வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்த பெண். வளைகாப்பு முடிந்து வைகாசிக் கடைசி வெள்ளிக்கிழமை, குளிர்ச்சியாக இருக்கும் என்று, நேராக இந்தக் குற்றாலத்து வீட்டுக்கு அழைத்துவருவதாக நாள் குறித்திருந்தார்கள். பிரசவம் ஆகிற வரைக்கும் அந்தக் கீழ் அறையில்தான் இருக்கப் போகிறாள். பழைய தரையில் வெடிப்பு, வெடிப்புக்குள் தேளும் பூரானும். தரையை மாற்றியே ஆகவேண்டும். மாசமாக இருக்கிற பெண் காலடி வைத்த பிறகு அந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்கக் கூடாது, ஒரு கல்லை உடைக்கக் கூடாது. அது அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் வெள்ளிக்கிழமைக்குள் முடிந்தால் முடிந்தது, இல்லாவிட்டால் பிள்ளை பிறந்து ஆன பிறகுதான்.

மேஸ்திரி நாளை எண்ணிப் பார்த்தார். பத்து நாள் தண்ணீர், இரண்டு நாள் சுவர், ஒரு நாள் துடைக்க. இடுக்கிப் பிடித்த மாதிரி சரியாக வந்தது. செல்லையா தரையைத் தேய்த்து, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து வாசப்படியில் வந்து முடித்தார். நல்ல தரை. முகம் தெரியும். அன்று சாயங்காலமே மேஸ்திரிக்குச் சுரண்டையில் ஒரு அரிசி மில் கட்டுமானத்துக்குப் போகவேண்டி வந்தது.

"ஆறுமுகம், பதினோராம் நாள் நீயே திறந்து முப்பிடாதிய உள்ள விடு. நான் அவுக வார வெள்ளிக்கிழமை காலையில வாரேன். அதுக்குள்ள ஏதாச்சும்னா ஆள் அனுப்பு" என்று சொல்லி, செல்லையாவிடம் இருந்து சாவியை வாங்கி என் உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிட்டுப் போனார். ஒரு வேலையை முழுசாக என்னிடம் விட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தண்ணீர் நிறுத்தின ஆறாம் நாள் காலையில் செங்கோட்டைப் பக்கத்தில் இருந்து காற்று வந்தது. மலைமேல் மேகம் உட்கார்ந்துவிட்டது. பத்து மணிக்குச் சாரல். சீசன் முன்னாலேயே பிடித்துக்கொண்டால் கடைசிக் கை காயாது. காயாமல் திட்டுத் திட்டாக நிற்கிற சுவரை வக்கீலுக்கு எப்படிக் காட்டுவது? சுரண்டைக்குப் பஸ் இல்லாமல் இல்லை. ஆள் அனுப்பியிருக்கலாம். 'இதுக்குக்கூட என்னைக் கேக்கணுமா?' என்று மேஸ்திரி நினைப்பாரே என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவர் அப்படி நினைக்கிற ஆளே இல்லை.

பூட்டைத் திறந்தேன். வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்தேன். முப்பிடாதியைக் கூட்டிவந்து நிறுத்தினேன்.

அவன் வாசலிலேயே நின்றான். "அண்ணாச்சி, இன்னும் நாலு நாள் இருக்குல்லா?"

"மழை பிடிச்சிட்டுதுலே. இன்னைக்கு நாளைக்குள்ள அடிச்சிரு."

"இது சும்மா போக்குச் சாரல். வெயில் வரும் பாருங்க. வேண்டாம், மேஸ்திரிக்கு ஆள் அனுப்புங்க."

"நான் சொல்லுதேன்லா, அடி."

"சாக்கு எங்க?"

சாக்கெல்லாம் பின்கட்டில் கிடந்து சாரலில் நனைந்து தொப்பலாக இருந்தது. செங்கோட்டை மரக்கடையில் மரத்தூள் வாங்கி வந்து பரப்பலாம் என்றான். அதற்கு அரை நாள் போய்விடும். கிணற்றடியில் வாழை மண்டிக் கிடந்தது. "இலையை வெட்டிப் போட்டா என்னலே? துளி விழுந்தா இலைமேல விழும்" என்றேன்.

"கறை பிடிக்கும் அண்ணாச்சி."

"கறை துணியிலதான்லே பிடிக்கும். சிமெண்டுல என்னத்தப் பிடிக்கும்?"

அவன் அரிவாளை எடுக்கவில்லை. நானே எடுத்தேன். எட்டு இலை, முழு இலை, பாலும் தண்ணியுமாகச் சொட்டச் சொட்ட வெட்டிக்கொண்டு வந்து இரண்டு வரிசையாக நானே விரித்தேன். வேட்டியில் பட்டது. அதைக்கூடக் கவனிக்கவில்லை. சாவியை அவனிடம் கொடுக்கவும் இல்லை. மேஸ்திரி பார்க்காமல் கொடுப்பது முறை இல்லையாம்! அந்த முறையை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினேன். அவன் இலைமேல் முக்காலியைப் போட்டு ஏறி, இரண்டு நாளில் கடைசிக் கையை முடித்தான். சுவர் பால் மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் இலையைத் தூக்கினோம். தூக்கினால், கீழே இலை அப்படியே இருக்கிறது! இன்னும் முழுசாக இறுகாத சிவப்புத் தரை, அதன்மேல் எட்டு இலை. நடுத்தண்டு கன்னங்கரேல் என்று ஒரு கோடு. இரண்டு பக்கமும் நரம்பு நரம்பாக வரிகள். இலை கிடந்த இடம் ஒரு நிறம், கிடக்காத இடம் ஒரு நிறம். முப்பிடாதி குனிந்து விரலால் தடவிப் பார்த்தான். 'நான் சொன்னேன்லா' என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

செங்கல் பொடி போட்டுத் தேய்த்தோம். தேங்காய் நார், சீயக்காய், மண்ணெண்ணெய். எலுமிச்சம்பழம் பிழிந்தோம், அந்த இடம் இன்னும் வெளுத்தது. செல்லையா வந்து பார்த்துவிட்டு, "என் பொண்டாட்டி செத்திருந்தாக்கூட எனக்கு இவ்வளவு இருக்காது" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். யாரோ தேங்காய் எண்ணெய் தடவினால் போகும் என்றார்கள். தடவினோம். எட்டு இலையும் பளபள என்று எழுந்து நின்றன. இதில் பெரிய வேடிக்கை, அன்றைக்கு அடித்த சாரல் அரை நாளில் ஓடிப்போய்விட்டது. பிறகு வெள்ளிக்கிழமை வரை சுள்ளென்று வெயில்.

வெள்ளிக்கிழமை காலையில் மேஸ்திரி வந்தார். செருப்பைக் கழற்றினார், உள்ளே போனார், நின்றார். தரையைப் பார்த்தார். கோலிக்குண்டை எடுத்து விட்டார். அது இரண்டு இலையைத் தாண்டி உருண்டு மூலையில் போய் நின்றது. அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குள் வாசலில் கார் சத்தம்.

கோமதியை அவளுடைய மாமியார் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அறை வாசலில் அந்த அம்மாள் நின்றுவிட்டார். "இது என்னது? பந்தியா? படையலா? யாரு செத்துப் போனான்னு இங்கன இலை போட்டு வச்சிருக்கிய?" என்றார். நுனி எந்தப் பக்கம் இருக்கிறது என்றெல்லாம் பார்த்தா நான் விரித்தேன்? நாலு இலை இந்தப் பக்கம், நாலு இலை அந்தப் பக்கம். "எம் மருமவ இதுல கால் வைக்க மாட்டா" என்று சொல்லிக் கோமதியை மாடி அறைக்குக் கூட்டிப்போய்விட்டார். அந்தப் பெண் படி ஏறும்போது திரும்பித் திரும்பித் தரையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

இனி உடைக்கவும் முடியாது. வக்கீலுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சம்பந்தி முன்னால் தலை குனிந்த ஆத்திரம். மேஸ்திரியிடம், "இதச் செஞ்சவன் எவனோ, அவன் இனிமே குற்றாலத்துல ஒரு வீட்டுக்கும் வரக் கூடாது. நான் எல்லார்ட்டயும் சொல்லுதேன்" என்றார். சொன்னால் செய்கிற மனுஷன். அங்கே வீடு வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் அவருக்குப் பழக்கம்.

மேஸ்திரி எங்களைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். நான், முப்பிடாதி, செல்லையா. இலை வெட்டின எட்டு மட்டைக் காம்பும் எங்களுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றன.

"சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

சாவி என் மடியில் இருந்தது. இடுப்பில் உறுத்திக்கொண்டு இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. எங்கிட்ட மேஸ்திரி, அவ்வளவுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"எங்கிட்ட மேஸ்திரி" என்றான் முப்பிடாதி. "ஆணியில கெடந்துச்சு. அண்ணாச்சி அந்தால போயிருந்தாவ. நான்தான் எடுத்துத் திறந்தேன்."

"இலை?"

"அதுவும் நான்தான்."

மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, வேட்டியைப் பார்த்தார். முழங்காலுக்குப் பக்கத்தில் இரண்டு இடத்தில் வாழைக்கறை. எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாத கறை. என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. "சரி. சாவியச் சாயங்காலம் ஷெட்டுல கொண்டாந்து குடு" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மேஸ்திரி சாமான் போட்டு வைக்கிற ஷெட்டு தென்காசியில். பஸ்ஸுக்கு நிற்கும்போது முப்பிடாதி கையை நீட்டினான்.

"கொண்டாங்க."

"என்னத்தலே?"

"சாவிய. சாயங்காலம் குடுக்கணும்லா."

எடுத்துக் கொடுத்தேன். "ஏம்லே அப்படிச் சொன்ன?"

"பின்ன என்ன செய்யச் சொல்லுதிய? உங்களுக்கு வேற என்ன தெரியும்? சாந்துக் கரண்டி பிடிக்கத் தெரியுமா? சுண்ணாம்பு மட்டை பிடிக்கத் தெரியுமா? சாவி பிடிக்கத்தான் தெரியும். அதுவும் போச்சுன்னா சோத்துக்கு என்ன செய்விய? எனக்கு எங்கன போனாலும் சுவரு உண்டு." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பஸ் வந்த பிறகு, ஏறுவதற்கு முன்னால், கொஞ்சம் மெதுவாகச் சொன்னான்: "ஒரு சீசன் போவட்டும். வக்கீலுக்குக் கோவம் ஆறின பொறவு நீங்க மேஸ்திரிகிட்ட சொல்லிருவியள்லா?"

"சொல்லுதேன்லே."

சொல்லவில்லை. அந்த ஆடியில் கோமதிக்கு மாடி அறையிலேயே சுகப்பிரசவம், பெண் குழந்தை. சொல்லியிருக்கலாம். கார்த்திகையில் மேஸ்திரி எனக்கு இரண்டு வீட்டு வேலையை முழுசாகக் கொடுத்தார், அப்போது சொல்லியிருக்கலாம். எனக்குக் கல்யாணம் ஆனது, அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த பங்குனியில் முப்பிடாதி ஷெட்டு வாசலில் வந்து நின்றான். என்னைப் பார்த்தான். நான் செல்லையாவிடம் சிமெண்ட் மூட்டைக் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன், அல்லது கேட்கிற மாதிரி இருந்தேன். அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான். அந்த வருஷமே மேலகரத்து வீட்டைக் காலி செய்துகொண்டு சுரண்டைக்குப் போனான். மாட்டு வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறான், கடை போர்டு எழுதுகிறான் என்று கேள்விப்பட்டேன். சுவரோடு பேசுகிறவன் வண்டிச் சக்கரத்தோடு என்ன பேசுவான் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வெட்கம் யாரையும் சாகடிப்பதில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், வேலை பார்த்தேன்.

மேஸ்திரி அதற்குப் பிறகு என்னைக் குறைவாக நடத்தினார் என்று சொல்லமுடியாது. ஒரே ஒரு விஷயம். அந்த ஒரு தடவை சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரலை மூடினார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மேஜைமேல் வைப்பார், நான் எடுத்துக்கொள்வேன். ஏழு வருஷம் அப்படித்தான். ஏழாவது வருஷம் அவர் தவறிப்போனார். ஷெட்டும் ஆட்களும் என் பொறுப்புக்கு வந்தன. சொல்லவேண்டிய ஆள் போய்விட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, வந்தது.

அடுத்த வருஷம் கோமதியிடம் இருந்து ஆள் வந்தது. வக்கீல் தளர்ந்துபோய்த் தென்காசி வீட்டோடு இருந்தார். குற்றாலத்து வீட்டை மகள்தான் பார்த்துக்கொண்டாள். கீழ் அறைக்குச் சுண்ணாம்புக்குப் பதிலாக டிஸ்டெம்பர் அடிக்கவேண்டும். நான் பஸ் ஏறிச் சுரண்டைக்குப் போனேன். முப்பிடாதி ஒரு ஜவுளிக்கடை போர்டின்மேல் தொங்கிக்கொண்டிருந்தான். அந்த வயதிலேயே தலை நரைத்திருந்தது. தலையில் ஒரு துளி பெயிண்ட் இல்லை.

"வக்கீல் வீட்டுக் கீழ் அறை. வாரியாலே?" என்றேன்.

என்னையே பார்த்தான். "எந்தச் சுவரு ஈரம் இழுக்கும்னு நெனவு இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டான். எனக்கு நினைவில்லை. "தெக்குச் சுவரு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான்.

அறை வாசலில் கோமதி வந்து நின்றாள். மூன்று பிள்ளைகள் அவளைச் சுற்றி. நான் எட்டு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்ததைச் சொன்னேன்: "அம்மா, சுவரோட விடவேண்டாம். தரையையும் உடைச்சுட்டு மொசைக் போட்டுத் தந்துருதேன். உங்க செலவு இல்ல, எங்க வேலை கெட்டுப்போன தரை."

"தரையத் தொடாதிய!" என்றாள் அவள், பதறிப்போய். "அது எங்க இலை. பிள்ளைகளுக்குச் சோறு அங்கனதான். ஆளுக்கு ஒரு இலை. சீசனுக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள் வந்தா சன்னல் பக்கத்து இலைக்கு அடிபிடி. எங்க அத்தைகூட முந்தி ஒரு சத்தம் போட்டாவல்லா, கடைசியில அவுங்களும் பேத்தியோட அங்கன உக்காந்துதான் சாப்பிட்டாவ. ஏட்டி, காட்டுட்டி உன் இலைய." பெரிய பெண், மாடி அறையில் பிறந்தவள், ஓடிப்போய் சன்னல் பக்கத்து இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோமதி கேட்டாள்: "இத யாரு போட்டான்னு அப்பா சொல்லவே இல்ல. எனக்கு ரொம்ப நாளாப் பாக்கணும். யாரு அது?"

எட்டு வருஷத்துக்கு முன்னால் கிணற்றடியில் வந்த கேள்விதான். இந்தத் தடவை எனக்கு நாக்கு ஒட்டவில்லை. என்னால் செய்ய முடிந்த நியாயம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

"இவருதாம்மா" என்றேன். "முப்பிடாதி. இவரு கைவேலை."

அவள் அவனைக் கும்பிடப் போனாள். முப்பிடாதி டிஸ்டெம்பர் வாளியைக் கீழே வைத்தான்.

"நான் இல்லம்மா. சாவி அண்ணாச்சிகிட்டதான் இருந்துச்சு. இலையும் அண்ணாச்சிதான் வெட்டினாவ. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

கோமதிக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவளுக்கு ஒரே சந்தோஷம். வேலை அப்புறம் ஆகட்டும், முதலில் சாப்பிட்டுவிட்டுத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தரையில் இருந்த இலைமேல் நிஜ இலையைப் போட்டு என்னை உட்காரவைத்தாள். "உங்க இலையில நீங்களே உக்காருங்க" என்றாள். எனக்கு அடுத்த இலையில் முப்பிடாதி. பிள்ளைகள் எதிர் வரிசை. அவள் குழம்பு எடுத்துவர உள்ளே போனபோது நான் தலையைக் குனிந்துகொண்டே கேட்டேன்.

"ஏம்லே இப்பப் போய்ச் சொன்ன?"

அவன் அவசரப்படவில்லை. அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டான்.

"எட்டு வருசம் நான் வச்சிருந்தேம்லா. உங்க சாவிதான அண்ணாச்சி. நீங்களே வச்சுக்கிடுங்க."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவன் ரசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.